ஆழ்கடல் எண்ணெய் வயலுக்கு எது சரி: டிஎல்பியா, ஸ்பாரா, செமியா, வாடகைக் கப்பலா?

ஆழ்கடலில் எண்ணெய் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன என்று பேச உட்கார்ந்தால் யாராவது ஒருவர் முதலில் கேட்பது "அங்கே கடல் எத்தனை மீட்டர்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் பதில் ரொம்பக் கொஞ்சம். 400 மீட்டரைத் தாண்டினால் கடலடியில் காலூன்றி நிற்கும் இரும்பு மேடை பெரும்பாலும் கட்டுபடியாகாது, மிதக்கிற ஏதோ ஒன்று வேண்டும், அதுவரைக்கும்தான் ஆழம் சொல்லும். 1,300, 1,500 மீட்டர் ஆழத்தில் டிஎல்பி இருக்கிறது, ஸ்பார் இருக்கிறது, செமி இருக்கிறது, எண்ணெயைப் பிரித்துச் சேமித்து வைக்கும் எஃப்பிஎஸ்ஓ கப்பலும் இருக்கிறது. நாலும் எண்ணெய் எடுக்கும் மிதவை வகைகள், எது என்ன என்று போகப்போகச் சொல்கிறேன். நாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த மாதிரித் தேர்வுகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கும் வேலையில் நான் சில வருடம் இருந்தவன். இடது பக்கம் மிதவைகளின் பெயர்கள், மேலே செலவு, காலம், பாதுகாப்பு என்று வரிசை, ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 5 வரை மார்க், அதற்குப் பச்சை மஞ்சள் சிவப்பு என்று கலர் வேறு. ஒரு கூட்டத்தில் மொத்த மார்க்கில் யாருமே எதிர்பார்க்காத மிதவை ஜெயித்துவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் 'காலம்' என்ற வரிசைக்கு வெயிட்டேஜ் 15-லிருந்து 25 ஆகியிருந்தது, ஜெயிக்க வேண்டியது ஜெயித்திருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் அட்டவணை கிடையாது. அதற்குப் பதிலாக வங்காள விரிகுடாவில் நிஜமாகவே எடுக்கப்பட்ட ஒரு முடிவை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் மற்ற வழிகளை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கலாம்.

காக்கிநாடா கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் கேஜி-டிடபிள்யூஎன்-98/2 என்ற பிளாக், அதாவது எண்ணெய் தேடி எடுக்க உரிமம் தந்த கடல் பகுதி. கிருஷ்ணா கோதாவரிப் படுகை, ஓஎன்ஜிசி கையில் இருப்பது. பிளாக்குக்குள்ளேயே கடல் ஆழம் 300 மீட்டரில் ஆரம்பித்து 3,200 வரை போகிறது. இதில் கிளஸ்டர்-2 என்று சொல்லும் பகுதியை மேம்படுத்த 2016 மார்ச்சில் ஓஎன்ஜிசி வாரியம் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 34,012 கோடி ரூபாய், அன்றைக்கு 500 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே. கடலடியில் கிணறுகள், எண்ணெய்க்கு வாடகைக்கு எடுத்த ஓர் எஃப்பிஎஸ்ஓ, வாயுவுக்குக் கரை வரை பைப்லைன். 2020 மார்ச்சில் எண்ணெய் வரும் என்றார்கள், வந்தது 2024 ஜனவரி 7. நாலு வருடத் தாமதம். நடுவில் கொரோனா வந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் நிறையத்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலை எடுத்தது சரி. பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று அரைகுறையாகத்தான் தெரியும் என்னும்போது, கணக்குத் தப்பினால் குறைந்த நஷ்டத்தோடு வெளியே வர விடுகிற வழியைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்த வழியில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை நம்ம புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் ஒரு சின்ன வயல் எப்போதோ காட்டிவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மரம் எங்கே இருக்க வேண்டும்

கிணற்றின் தலையில் உட்காரும் வால்வுத் தொகுதிக்கு இந்தத் தொழிலில் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர், சுருக்கமாக மரம். அது மேடையின் மேல் இருந்தால் காய்ந்த மரம், கடலடியில் இருந்தால் ஈர மரம். மிதவையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, சொல்லப்போனால் பாதிக்கும் மேலே, இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

காய்ந்த மரம் என்றால் ஆள் நடந்து போய்ப் பார்க்கலாம், வால்வைக் கழற்றி மாற்றலாம், மேடையிலேயே தோண்டுகிற ரிக் ஒன்று இருந்தால் கிணற்றுக்குள் குழாயை மாற்றும் வொர்க்ஓவர் வேலையை அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம். ஈர மரத்தில் அதே வேலைக்கு ஒரு டிரில் கப்பல் வர வேண்டும். சந்தை சூடாக இருக்கும்போது அதன் வாடகை ஒரு நாளைக்கு 4 லட்சம் டாலருக்கு மேல், அதுவும் கப்பல் காலியாக இருந்தால். சின்னக் கோளாறு ஒன்றுக்காக எட்டு மாதம் கிணற்றை மூடிவைத்துக் காத்திருந்த கதைகள் இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருடம் ஓடும் வயலில் கிணற்றுப் பராமரிப்பு எவ்வளவு வரும் என்று முன்கூட்டி யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, மணல் வருகிற பாறை என்றால் நிச்சயம் நிறைய வரும்.

அப்படியானால் எல்லாரும் காய்ந்த மரத்தையே எடுக்கலாமே? இரண்டு தடைகள். மரம் மேடையில் இருக்க வேண்டுமானால் மேடை மேலும் கீழும் ஆடக் கூடாது, ஏனென்றால் கிணற்றிலிருந்து வரும் குழாய் விறைப்பாக நிற்கிறது. இதைத் தாங்குவது டிஎல்பியும் ஸ்பாரும் மட்டும்தான். இரண்டாவது, எல்லாக் கிணறுகளும் ஒரே இடத்திலிருந்து சாய்த்துத் தோண்டி எட்டும்படி எண்ணெய் ஒரே குவியலாக இருக்க வேண்டும். 98/2-இல் எண்ணெய் ஏ-2, பி-1, எம்-3 என்று தனித்தனித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. கேஜி படுகையின் குணமே அதுதான், பழங்காலத்தில் கோதாவரி கொண்டுவந்து கொட்டிய மணல் ஆழ்கடல் ஓடைகளில் அங்கங்கே தங்கி, அதில்தான் எண்ணெயும் வாயுவும். ஒரே மேடையிலிருந்து எல்லாவற்றையும் எட்ட முடியாது. ஆகவே காய்ந்த மரம் இங்கே கிட்டத்தட்ட முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுகிறது.

வெளியே போனாலும் டிஎல்பியையும் ஸ்பாரையும் பார்க்காமல் விடக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் ஒரே குவியலாக இருக்கும் வயலில் நான் அவற்றுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

டிஎல்பி என்பது மிதக்கும் மேடையைக் கடலடியோடு எஃகுக் குழாய்களால் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிவைப்பது. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த பந்து மாதிரி, மேலே வரத் துடித்துக்கொண்டே இருக்கும், குழாய்கள் விடாது. முதல் டிஎல்பி 1984-இல் வடகடலில் ஹட்டன் வயலில் வந்தது, வெறும் 147 மீட்டர் ஆழத்தில், பரீட்சித்துப் பார்க்கிற மாதிரி. ஆழம் கூடக் கூட அந்தக் குழாய்களின் எடையே மேடைக்குச் சுமையாகிவிடும். மெக்சிகோ வளைகுடாவில் செவ்ரானின் பிக் ஃபுட் சுமார் 1,580 மீட்டரில் நிற்கிறது, அதற்கு மேல் யாரும் போகவில்லை. அந்த பிக் ஃபுட்டுக்கு நடந்ததைக் கேளுங்கள். 2015-இல் மேடை வந்து சேருவதற்கு முன்பே இழுவைக் குழாய்கள் 16-ஐயும் கடலடியில் பொருத்தி, மிதவைகள் கட்டி, நட்டுவைத்த மூங்கில் மாதிரி நிற்க வைத்திருந்தார்கள். மிதவைகள் கழன்று 9 குழாய்கள் கடலுக்கடியில் சாய்ந்துவிட்டன. மேடையைத் திருப்பிக் கரைக்கு இழுத்துப் போக வேண்டியதாயிற்று. எண்ணெய் வந்தது 2018 நவம்பரில். வயலில் ஒரு குறையும் இல்லை, கிணற்றில் ஒரு குறையும் இல்லை, கட்டுகிற வரிசையில் ஒரே ஒரு வாரம் பலவீனமான வாரம், அதில் மூன்று வருடம் போனது.

ஸ்பார் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படாது. நீளமான உருளை, பெரும்பகுதி தண்ணீருக்குள், அடியில் கனம். தூண்டிலில் கட்டும் மிதப்புக்கட்டையைப் பெரிதாக்கின மாதிரி. ஷெல்லின் பெர்டிடோ சுமார் 2,450 மீட்டர் ஆழத்தில் 2010-லிருந்து நிற்கிறது. அதன் உருளை மட்டும் கிட்டத்தட்ட 170 மீட்டர். பின்லாந்தில் போரி என்ற ஊரில் கட்டி, பெரிய கப்பலில் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுவந்து, படுத்த வாக்கில் இழுத்துப் போய், நடுக்கடலில் தண்ணீர் நிரப்பி நிமிர்த்தி, அப்புறம் ராட்சத மிதவைக் கிரேன் வந்து மேல்தளத்தைத் தூக்கி வைத்தது. இன்னொரு விஷயம், அங்கே மரங்கள் கடலடியில்தான் இருக்கின்றன, ஆனால் ஸ்பாருக்கு நேர் கீழே. மேலே இருக்கும் ரிக்கே நேராக இறங்கி வேலை பார்க்கும். ஈர மரமும் காய்ந்த மரத்தின் வசதியும் ஒன்றாக. அழகான வேலை. ஆனால் அதை காக்கிநாடாவில் செய்ய அந்த மாதிரிக் கிரேனை பாதி உலகம் சுற்றி வரவழைத்து, நவம்பர் புயல் சீசனுக்கும் ஜூன் பருவக்காற்றுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் தூக்கி முடிக்க வேண்டும். கிரேன் ஒரு மாதம் பிந்தினால் கதை அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

செமி: இரண்டு கெட்டானா, நடுநிலையா

செமி என்பது நாலு தடித்த தூண்கள், அடியில் அவற்றை இணைக்கும் மிதவைப் பெட்டிகள், மேலே தளம். பழைய டிரில்லிங் ரிக்கின் பெரிய அண்ணன். இதன் பெரிய நன்மை, தளத்தையும் உடலையும் கப்பல் கட்டும் துறையிலேயே பொருத்தி, சோதித்து, இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், நடுக்கடலில் கிரேன் வேலை இல்லை. மரம் ஈர மரம்தான். எத்தனை துண்டு வயல் இருந்தாலும் கடலடியிலிருந்து மேலே வரும் ரைசர் குழாய்களைத் தொங்கவிட்டு இணைத்துக்கொள்ளலாம்.

செமி எப்படி ஜெயிக்கும் என்பதற்கு பிபியின் மேட் டாக் வயல்தான் உதாரணம். 2005-லிருந்து அங்கே ஒரு ஸ்பார் ஓடிக்கொண்டிருந்தது. வயல் நினைத்ததைவிடப் பெரிது என்று தெரிந்ததும் பக்கத்தில் இன்னொரு பெரிய ஸ்பார் என்று திட்டம் போட்டார்கள், செலவு 2,000 கோடி டாலரைத் தாண்டியது, 2013-இல் நிறுத்தினார்கள். திரும்ப உட்கார்ந்து, தங்களுக்கென்று தனியாக வடிவமைத்ததை எல்லாம் வெட்டி, சந்தையில் ஏற்கனவே இருக்கிற சாமான்களை வைத்து, ஸ்பாரை விட்டுச் செமிக்கு மாறி, 2016 டிசம்பரில் 900 கோடி டாலருக்கு ஒப்புதல் வாங்கினார்கள். எண்ணெய் விலை விழுந்ததால் ஒப்பந்தக்காரர்களின் ரேட்டும் அந்த நேரத்தில் இறங்கியிருந்தது என்பது உண்மை, எல்லாப் பெருமையும் செமிக்குப் போகாது. ஆனாலும் பாதிக்கும் கீழே. அந்த ஆர்கோஸ் மேடை ஒரு நாளைக்கு 1,40,000 பீப்பாய் எடுக்கும் திறனோடு 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்தது.

செமியின் பலவீனம் பேலஸ்ட், அதாவது அதை நிலையாக வைக்கும் தண்ணீர். தூண்களுக்குள் தண்ணீரைச் சரியாகப் பங்கிட்டு வைத்தால்தான் நேராக நிற்கும். 2005 ஜூலையில் டென்னிஸ் சூறாவளிக்காக ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பி வந்து பார்த்தால் தண்டர் ஹார்ஸ் என்ற பிரம்மாண்டச் செமி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தளத்தின் மூலை கடலைத் தொட்டுக்கொண்டு நின்றது. புயல் காரணமில்லை, பேலஸ்ட் குழாய்ப் பின்னலின் கோளாறால் தண்ணீர் போகக் கூடாத அறைகளுக்குப் போயிருந்தது. அதை நிமிர்த்தி, அப்புறம் கடலடிச் சாதனங்களின் வெல்டிங்கில் விரிசல் கண்டு அதையும் மாற்றி, எண்ணெய் எடுக்க 2008 ஆகிவிட்டது.

சரி, 98/2-க்குச் செமி ஏன் வேண்டாம்? ஒரே காரணம்: செமியில் எண்ணெயைச் சேமிக்க இடமில்லை. டிஎல்பி, ஸ்பாருக்கும் நடைமுறையில் அதேதான். மெக்சிகோ வளைகுடாவில் இது ஒரு பிரச்சினையே இல்லை, கடலடியில் ஏற்கனவே பைப்லைன் வலை பின்னிக் கிடக்கிறது, பக்கத்தில் போகும் ஒன்றில் கூட்டிவிட்டால் லூசியானா சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச் சேரும். அமெரிக்கக்காரர்கள் செமியும் ஸ்பாருமாகக் கட்டியதற்குப் பொறியியல் காரணம் பாதி, பக்கத்தில் பைப் இருந்தது பாதி. நம்ம பக்கம் அப்படி இல்லை.

35 கிலோமீட்டர்தானே, பைப் போட்டுவிட்டால் என்ன

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கரை இவ்வளவு கிட்டே இருக்கும்போது மிதவையே இல்லாமல் கிணற்றிலிருந்து நேராகக் கரைக்குக் குழாய் போடுவதுதான் மலிவு. பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். ரிலையன்ஸின் கேஜி-டி6 வாயு வயல் 2009 ஏப்ரலிலிருந்து கடலடியிலிருந்து காடிமோகா கரைக்கு ஓடியது, நடுவில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு கட்டுப்பாட்டு மேடை மட்டும். நார்வேயில் ஸ்நோவிட் வயலின் வாயு 143 கிலோமீட்டர் இப்படித்தான் கடலடியில் போகிறது.

வாயு போகும், எண்ணெய் முரண்டு பிடிக்கும். அதுவும் 98/2-இன் எண்ணெய் மெழுகு நிறைந்தது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள், வெள்ளையாக உறைந்து போய் ஒரு சொட்டும் விழாது, அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்க வைப்பார். மெழுகுக் கச்சா எண்ணெயும் அப்படித்தான். ஒரு ஆய்வகத்தில் கால் லிட்டர் சாம்பிள் பாட்டிலை என் கையில் கொடுத்துச் சாய்க்கச் சொன்னார்கள். ஏசி அறையில் பூட் பாலிஷ் மாதிரி கறுப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றது, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. வெந்நீரில் பத்து நிமிடம் வைத்ததும் டீ மாதிரி ஓடியது. இப்போது யோசித்துப் பாருங்கள், ஆயிரம் மீட்டருக்குக் கீழே கடல் நீர் 4, 5 டிகிரி. பூமிக்குள்ளிருந்து சூடாக வருகிற எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் சரி. ஏதோ ஒரு வால்வு கோளாறில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டால் குழாய் நெடுக மெழுகுவத்தி.

ஓஎன்ஜிசி இதற்குக் குழாய்க்குள் குழாய் போட்டது, இரண்டுக்கும் நடுவே வெப்பம் போகாமல் காப்பு, அதாவது கடலடியில் கிலோமீட்டர் கணக்கில் ஃப்ளாஸ்க். இந்தியாவில் இது முதல் தடவை என்று அவர்களே அறிவித்தார்கள். அந்த ஃப்ளாஸ்க்கைக் கிணற்றிலிருந்து கப்பல் வரை போடுவதற்கே இவ்வளவு பாடு என்றால், கரை வரை போட்டு, சூடாக வைத்து, நின்றால் திரும்பத் தள்ளிவிடுவதற்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். 35 கிலோமீட்டர் வரைபடத்தில்தான் குறைவு. அதனால்தான் இங்கே எண்ணெய்க்கு ஒரு வழி, வாயுவுக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள். வாயு பைப்லைனில் ஓடலேரு கரைக்குப் போகிறது. அந்தப் பிரிவினையை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

கப்பல் பக்கம் வருவோம்

எஃப்பிஎஸ்ஓ என்பது எண்ணெய்க் கப்பலின் முதுகில் ஒரு சின்னத் தொழிற்சாலை. எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றையும் பிரித்து, எண்ணெயை அடித் தொட்டிகளில் சூடாகவே சேர்த்து வைத்து, சில நாளுக்கு ஒரு தடவை வரும் டேங்கருக்குக் குழாய் வழியாகக் கொடுத்துவிடும். கயானாவின் முதல் எஃப்பிஎஸ்ஓ லிசா டெஸ்டினியின் தொட்டிகள் 16 லட்சம் பீப்பாய் பிடிக்கும், உற்பத்தித் திறன் நாளைக்கு 1,20,000, ஆகவே டேங்கர் வராவிட்டாலும் 13 நாள் தாக்குப்பிடிக்கும். பைப்லைன் இல்லாத நாட்டுக்கு இதைவிட வசதி எது? கயானாவில் 2015 மே மாதம் எண்ணெய் கண்டார்கள், 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். பழைய டேங்கரை மாற்றிக் கட்டிய கப்பல் அது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள், ஒவ்வொரு கப்பலும் முந்தையதில் கற்றுக்கொண்டதோடு.

புயல் பற்றிக் கேட்பீர்கள். கப்பலின் மூக்கில் அல்லது வயிற்றில் டரெட் என்ற சுழலும் உருளை, நங்கூரச் சங்கிலிகளும் ரைசர்களும் அதில்தான் கட்டியிருக்கும், கப்பல் அதைச் சுற்றிக் காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பிக்கொள்ளும். 2,900 மீட்டர் ஆழத்தில், ஷெல்லின் ஸ்டோன்ஸ் வயலில், சூறாவளி வந்தால் டரெட் மிதவையைக் கழற்றிக் கடலுக்குள் இறக்கிவிட்டுக் கப்பல் ஓடிவிடும்படி செய்திருக்கிறார்கள். ஹுத்ஹுத் மாதிரிப் புயல் வந்துபோன கரையோரத்தில் இதையெல்லாம் யோசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் கப்பலை வேண்டாம் என்று சொல்ல இது போதாது.

கப்பலின் நிஜமான பலவீனம் வாயு. எண்ணெயோடு வரும் வாயுவைத் தொட்டியில் வைக்க முடியாது. பைப்பில் அனுப்ப வேண்டும், இல்லை திரும்பப் பூமிக்குள் அமுக்க வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் எரிக்க வேண்டும். லிசா டெஸ்டினியில் வாயு அமுக்கி திரும்பத் திரும்பப் பழுதாகி, மாதக்கணக்கில் தீ எரிந்து, கடைசியில் கயானா அரசு எரிப்பதற்குக் கட்டணம் போடும் நிலை வந்தது. காக்கிநாடாவில் வாயுவுக்குக் கரைப் பைப் இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

இப்போது நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன்: எவ்வளவு எண்ணெய் என்று உனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரியும்? கேஜி-டி6-இன் டி1, டி3 வயலில் 10.3 லட்சம் கோடி கன அடி வாயு எடுக்கலாம் என்று 2006-இல் கணக்குச் சொல்லி, நாளைக்கு 8 கோடி கன மீட்டருக்குக் கட்டமைப்பு போட்டார்கள். ஒரு வருடம் 6 கோடியைச் சுற்றி ஓடியது. அப்புறம் தண்ணீரும் மணலும் வந்து நாலைந்து வருடத்தில் கால் பங்குக்கும் கீழே போய், எடுக்கக்கூடியது மூன்று லட்சம் கோடி கன அடி அளவுதான் என்று கணக்கே மாறியது. பந்திக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் ஆயிரம் இலைக்கு உலை வைத்த கதை. (அந்தப் பெரிய உலை பின்னால் உதவியது என்பதையும் சொல்ல வேண்டும்: 2020 டிசம்பரில் ஆர் கிளஸ்டர், பிறகு 2023-இல் எம்ஜே என்று பக்கத்து வயல்கள் அதே கட்டமைப்பில்தான் வந்து சேர்ந்தன.) 98/2-க்கும் இதே சுழி உண்டு. 2016-இல் உச்ச உற்பத்தி நாளைக்கு 77,305 பீப்பாய் என்று கடைசி ஐந்து வரைக்கும் துல்லியமாகச் சொன்னார்கள், 2024-இல் எண்ணெய் வந்த அன்று சொன்னது 45,000. ஒரு ஸ்பாரையோ செமியையோ 77,000-க்கு அளவெடுத்துச் சொந்தமாகக் கட்டியிருந்தால் அந்த வித்தியாசம் முழுதும் இரும்பாக நடுக்கடலில் நின்றிருக்கும்.

இந்த இடத்தில்தான் வாடகை பெரிய விஷயமாகிறது. 98/2-இல் நிற்கும் ஆர்மடா ஸ்டெர்லிங் V ஷாபூர்ஜி பல்லோன்ஜியும் மலேசியாவின் பூமி ஆர்மடாவும் சேர்ந்து வைத்திருக்கும் கப்பல், 9 வருட வாடகை, அதற்கு மேல் வருடா வருடம் நீட்டிக்க 7 வாய்ப்பு. வயல் நன்றாக இருந்தால் 16 வருடம், மோசமானால் 9-இல் கை கழுவலாம். கூட்டிப் பார்த்தால் வாடகை சொந்தமாகக் கட்டுவதைவிட அதிகம் ஆகும், அதில் சந்தேகமில்லை, கப்பல்காரரும் வட்டி கட்டுகிறாரே. கயானாவில் எக்ஸான் நடுவழி பிடித்தது: முதலில் வாடகைக்கு எடுத்து, வயல் பொன் விளைகிறது என்று தெரிந்த பிறகு கப்பலையே வாங்கிக்கொள்வது. லிசா யூனிட்டியை 2023-இல் சுமார் 126 கோடி டாலருக்கு வாங்கினார்கள். என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் சிறந்தது, ஆனால் வாங்கும் விலையை ஆரம்ப ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும், பின்னால் போய்ப் பேரம் பேசினால் கப்பல்காரர் கைதான் மேலே.

ஏன் என்பதற்குத்தான் முதலில் சொன்ன அந்தச் சின்ன வயல். காவிரிப் படுகையில் பிஒய்-3. இந்தியக் கடலில் மிதவையும் கடலடிக் கிணறும் வைத்து எண்ணெய் எடுத்த முதல் வயல் அதுதான், 1997 ஜூலையில். நல்ல லேசான எண்ணெய். தஹாரா என்று ஒரு மிதக்கும் உற்பத்தி மேடை, எண்ணெயைப் பிடித்து வைக்க எண்டெவர் என்று ஒரு கப்பல், இரண்டும் வாடகை. 14 வருடம் ஓடியது. 2011 ஜூலையில் வாடகை ஒப்பந்தம் முடிந்தது, அடுத்து என்ன செய்வது என்பதில் பங்குதாரர்களுக்குள் ஒத்துப் போகவில்லை, மிதவை போனது, கிணறுகளை மூடினார்கள். எண்ணெய் தீர்ந்து மூடவில்லை. கிணறு, பைப், உரிமம் எல்லாம் இருக்க, மேலே நிற்க ஆள் இல்லாமல் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. வாடகையின் ஓட்டை இதுதான்: தப்பித்துப் போக உனக்கு ஒரு கதவு இருந்தால், அதே கதவு கப்பலுக்கும் இருக்கிறது. 98/2-இல் அந்த 7 நீட்டிப்புகளும் வாடகைக்கு எடுத்தவர் கையில் இருப்பது ஆறுதல். ஆனால் நீட்டிப்பதா வேண்டாமா என்று பங்குதாரர்கள் யாரும் இல்லாமல் ஓஎன்ஜிசி ஒரே கையாக முடிவெடுக்க முடிவதுதான் அதைவிடப் பெரிய ஆறுதல். பிஒய்-3-இல் அது இல்லை.

இலங்கையின் மன்னார் பக்கம் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். 2011-இல் கெய்ர்ன் அங்கே சுமார் 1,350 மீட்டர் ஆழத்தில் டொராடோ என்று ஒரு வாயு வயலைக் கண்டது, பக்கத்தில் பாராகுடா, பிறகு 2015-இல் விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே மேலே சொன்ன எதுவும் வேண்டாம் என்பேன். வெறும் வாயு, ஆகவே கப்பல் தேவையில்லை, மரம் கடலடியில், குழாய் நேராகக் கரைக்கு. கேஜி-டி6 மாதிரியே, அளவில் சின்னதாக. சிக்கல் கடலில் இல்லை. இலங்கைக் கரையில் அந்த வாயுவைப் பங்கிட்டுக் கொண்டுபோகக் குழாய் வலை எதுவும் கிடையாது, மின்நிலையங்கள்தான் வாங்கியாக வேண்டும். அவர்களிடம் விலையோடு கையெழுத்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்த மிதவை, எந்தக் குழாய் என்று அங்கே பேச ஆரம்பிக்கவே கூடாது.